நெல்லையில் கை நனைக்காமல் நாலு நாள்

எங்கள் மலேசிய ரிங்கிட் சரிந்து கிடந்த சமயத்தில்தான் நாங்கள் திருநெல்வேலிக்குப் போனோம். விமான டிக்கெட்டுக்கே சேமிப்பில் பாதி போய்விட்டது. மீதியை ரூபாயாக மாற்றிக் கையில் வாங்கியபோது என் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை எண்ணினார். எண்ணினால் கூடிவிடுமா என்ன? பிறகு ஐந்து பழுப்பு உறைகளை எடுத்து, வியாழன் முதல் திங்கள் வரை ஒவ்வொன்றின் மேலும் கிழமையை எழுதி, சமமாகப் பங்கு போட்டார். அறை வாடகையும் ஊர் திரும்புகிற செலவும் தனியாக அவருடைய பனியனுக்குள் தைத்த பையில் இருந்தன. அந்தப் பையைத் தொட எமனுக்கும் அனுமதி கிடையாது.

"இந்த உறையில இருக்கிறதுதான் அன்னைய நாளு. தீந்துச்சுன்னா ரூமுக்கு வந்து படுத்துக்கணும்" என்றார்.

அவர் பெயர் சோமு. கிள்ளானில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். நான் அங்கேயே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. இருபது வருடக் குடித்தனத்தில் அவருடைய சிக்கனத்தோடு நான் போட்ட சண்டைகளை எழுதினால் அது வேறு கட்டுரை.

வந்த காரியம், என் தம்பி குமரனுக்குப் பெண் பார்ப்பது. குமரன் தங்கமான பையன். மின்சாரப் பொருள்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஒரே ஒரு சங்கடம், அவனுக்குத் திக்குவாய். வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். சின்ன வயதிலிருந்து அவன் ஆரம்பித்த வாக்கியத்தையெல்லாம் நான்தான் முடித்து வைத்திருக்கிறேன். அதை உதவி என்றே நினைத்திருந்தேன். நாங்கள் கிளம்பிய அன்றுகூட விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்... அக்கா, அ... அந்த..." என்று ஏதோ சொல்ல வந்தான். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. "நல்லபடியாப் பாத்துட்டு வரணும், அதானே? சரிடா" என்று முடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் அரை மனசுதான். ஈப்போவில் ஒரு பெரிய இடத்தார் ஜாதகம் கேட்டிருந்தார்கள். "பாக்கிறதப் பாத்துக்க. ஆனா அந்த வீட்டுல கை நனைச்சுட்டு வந்துடாத" என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார். பெண் வீட்டில் காப்பி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். இலை போட்டுச் சோறு சாப்பிட்டால் மட்டும் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறுவது மரியாதையில்லை. கடல் தாண்டி வந்து இரண்டு தலைமுறை ஆன பிறகும் அம்மா இதை மட்டும் விடவில்லை.

வியாழக்கிழமை சந்திப்புப் பக்கம் ஒரு விடுதியில் இறங்கினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. குளித்துவிட்டு வெளியே வந்ததும் கண்ணில் பட்டது பரோட்டாக் கடை. எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கும் இதற்கும் ஒன்றுவிட்ட உறவாவது இருக்க வேண்டும். இதில் எண்ணெய் தாராளம், அடுக்குகள் மொறுமொறு. சால்னாவை ஊற்று ஊற்று என்று ஊற்றி இலையில் குளம் கட்டிவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போனார் பரிமாறுகிறவர். என் வீட்டுக்காரர் ஒரு ஆம்லெட்டும் சொன்னார். சைவ வீட்டில் சம்பந்தம் பேச வந்த மனிதர் என்று நான் முறைத்தேன். "அதுக்கு நாளைக்குத்தான போறோம்" என்றார்.

சாயங்காலம் காசில்லாத வேடிக்கை எது என்று யோசித்து, ஆற்றுப் பாலத்துக்கு நடந்து போய் நின்றோம். அடியில் தாமிரபரணி அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கிள்ளான் ஆறு எப்போதும் தே தாரிக், அதாவது பால் டீ நிறத்தில் ஓடும், அதில் காலை நனைக்க யாருக்கும் தோன்றாது. இங்கே படித்துறை நிறைய ஆட்கள். துவைக்கிறார்கள், குளிக்கிறார்கள், கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு அரசியல் பேசுகிறார்கள். பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்ற ஒருவர் எங்களைப் பார்த்ததும் வெளியூர் என்று கண்டுகொண்டார்.

"ஆத்துல குளிச்சாச்சா?"

"இன்னும் இல்லங்க."

"பொறவு என்னத்துக்கு வந்தீய?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வியாழக்கிழமை உறையில் பாதி மிச்சம் இருந்தது. என் வீட்டுக்காரர் சந்தோஷமாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை பூவும் பழமும் வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் மேலப்பாளையத்துக்காரர், பத்து வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். என் கையிலிருந்த பூவைப் பார்த்து, "பொண்ணு பாக்கவா?" என்றார். ஆமாம் என்றதும் என் வீட்டுக்காரர் வாடகைக்குப் பேரம் பேச ஆரம்பித்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆட்டோக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, வெளிநாட்டுல கஷ்டப்பட்ட ஆளுக்குத்தான் அஞ்சு ரூவாயோட அரும தெரியும். நானும் இப்பிடித்தான் பேசுவேன். ஏறுங்க" என்றார்.

பெண்ணின் பெயர் கோமதி. பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுத்தான் பேசுவார். அம்மா சிரித்த முகம். கோமதி காப்பித் தட்டோடு வந்தாள், கும்பிட்டாள், எதிரே உட்கார்ந்தாள். எத்தனை வருட சர்வீஸ் என்று நான் கேட்டேன், ஆறு என்றாள். இந்த மாதிரி உட்கார வைத்துப் பார்த்தால் யாரைப் பற்றித்தான் என்ன தெரியும்? காப்பி நன்றாக இருந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மணி பன்னிரண்டரை ஆயிற்று. அடுக்களையிலிருந்து சாம்பார் வாசனை வந்தது, அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டது. கடல் தாண்டி வந்த விருந்தாளியைச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடச் சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குச் சங்கடம். சாப்பிடக் கூடாது என்பது எங்களுக்குச் சங்கடம். நாங்கள் எழுந்தால்தான் அவர்கள் சாப்பிட முடியும். பெரியவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார். "வெயில் சாஸ்தி" என்றார் இரண்டு தடவை.

கோமதிதான் பேச்சை எடுத்தாள். "அக்கா, ஊர் பாத்தீயளா?"

நான் ஏதோ நாகரிகமாகச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் ஐந்து உறைகளின் கதையை முழுசாக அவிழ்த்துவிட்டார். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது. கோமதி சிரித்தாள். கேலியாக இல்லை, கணக்கு விடை சரியாக வந்தால் சிரிப்பார்களே, அப்படி.

"அண்ணாச்சி, நாளைக்கும் நாளக்கழிச்சும் எனக்கு லீவு. அந்த ரெண்டு உறையையும் என்கிட்ட குடுங்க. ஊரையும் காட்டுதேன், மிச்சமும் தாரேன்."

பெரியவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். நிச்சயமாகாத இடத்தில் பெண் இப்படிச் சொல்லலாமா என்ற கேள்வி அவர் முகத்தில் ஓடியது. அவர் வாயைத் திறக்கும் முன்னே நான் சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் ஒரு பெண்ணோடு பஸ்ஸில் போய்வந்தால் தெரியாதது என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலை ஆறரைக்கே கோமதி விடுதி வாசலில் நின்றாள். பருத்திச் சேலை, தோளில் பை, கையில் குடை. நெல்லையப்பர் கோயிலுக்குப் போனோம். இசைத் தூண்கள் இருக்கும் மண்டபத்தில் இவர் கையை ஓங்க, "பைய, அண்ணாச்சி, நாம தட்டக் கூடாது. இப்ப ஒருத்தர் வருவாரு" என்று நிறுத்தினாள். சொன்னபடியே கோயில்காரர் ஒருவர் வெளியூர்க் கூட்டத்தோடு வந்து தூண்களை விரலால் தட்டிக் காட்டினார். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு சுரம் சொன்னது. நான் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றேன், நகர மனசு வரவில்லை. யானையிடம் ஆசி வாங்க இவர் தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்தார். கோலாலம்பூரில் இதே மாதிரி ஒரு காலைப்பொழுதுக்கு நுழைவுச் சீட்டு என்று ஒரு தொகை வாங்கியிருப்பார்கள்.

பிறகு அறிவியல் மையம். சில்லறைக் காசில் டிக்கெட். வளைந்த கண்ணாடி ஒன்றில் இவர் பனைமரம் மாதிரி நீண்டு தெரிந்தார், அதை விட்டு வர மறுத்தார். அங்கிருந்து கடைவீதி. கூட்டத்தில் ஒரு பெண் "மதினி, மதினி" என்று கூவிக்கொண்டே இன்னொருத்தியின் பின்னால் ஓடினாள். அது என்ன உறவு என்று கேட்டேன்.

"அண்ணன் பொண்டாட்டியையும் மதினிம்போம். மாப்பிள்ளையோட அக்காளையும் மதினிம்போம்" என்றாள் கோமதி. சொன்ன பிறகு குடையை விரித்துக்கொண்டாள். நாங்கள் நிழலில்தான் நடந்துகொண்டிருந்தோம்.

சாயங்காலம் அல்வா. கூட்டத்துக்குள் புகுந்து நூறு கிராம் வாங்கி வந்தாள். இலையில் சூடாக, நெய் விரலிடுக்கில் வழிய, மூன்று பேரும் தெருவோரம் நின்று தின்றோம். கால் கிலோ வாங்கியிருந்தால் இத்தனை ருசி இருந்திருக்காது என்று இவர் தீர்ப்புச் சொன்னார். கோமதி உறையைத் திருப்பிக் கொடுத்தாள். பின்பக்கம் பென்சிலால் செலவெல்லாம் எழுதியிருந்தது, உள்ளே பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவளுடைய பஸ் காசை அதிலிருந்து எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த எழுத்தை அன்றைக்கு முழுவதும் எடுத்து எடுத்துப் பார்த்தார். சம்பந்தம் பேச வந்தது நானா அவரா என்றே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாபநாசம். ஜன்னலோரம் வயலும் வாழையுமாக ஓடிக்கொண்டே இருந்தது, தூரத்தில் மலை நீலமாக எழும்பியது. சேரன்மாதேவியில் பஸ் நின்றபோது, "ஒரு டீ" என்று இவர் இறங்கினார். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீரவநல்லூர் தாண்டிய பிறகுதான் பக்கத்து இருக்கை காலியாக இருப்பது தெரிந்தது.

கையில் டீக் காசைத் தவிர ஒன்றும் இல்லாத மனிதர், உறை கோமதியிடம். பனியன் பையைப் பிரிப்பதற்குப் பதில் அங்கேயே குடியேறிவிடுவார். கோமதி எழுந்து கண்டக்டரிடம் போனாள்.

"அண்ணே, எங்க கூட வந்த அண்ணாச்சி சேரன்மாதேவில எறங்கிட்டாவ."

"அடையாளம் என்ன?"

"சிவப்புத் தொப்பி. மலேசியாக்காரவ."

கண்டக்டர் விசிலை இரண்டு தடவை ஊதினார். எதிரே வந்த பஸ்ஸை மறித்து எங்கள் டிரைவர் வண்டியை ஒட்டி நிறுத்தினார். ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சு.

"ஏலே, சேரன்மாதேவில சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அண்ணாச்சி முழிச்சிட்டு நிப்பாவ. பின்னால வார வண்டில ஏத்தி பாவநாசத்துக்கு அனுப்பச் சொல்லு. டிக்கெட் முன்னால போவுது, ஆளு பின்னால வாராவன்னு சொல்லிரு."

"சரிலே" என்றார் அந்த டிரைவர். அவ்வளவுதான். இரண்டு பஸ்ஸும் கிளம்பின. எங்கள் ஊரில் ஆள் தொலைந்தால் போலீஸ் நிலையத்தில் படிவம் நிரப்புவார்கள்.

முக்கால் மணி நேரம் பாபநாசம் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தோம். அடுத்த வண்டி வந்தது. முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில், மந்திரி மாதிரி உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். இறங்கியதும் கதையை ஆரம்பித்தார். அவர் கதை எதுவும் நேராக ஆரம்பிக்காது. எழுபத்தொன்பதில் சிரம்பான் பக்கம் லாரி நின்றுபோன கதையிலிருந்து எடுத்து, டீக்கடைக்காரருக்கு எத்தனை பிள்ளைகள், பஸ் நகர்ந்தபோது எந்தக் கையில் கிளாஸ் இருந்தது என்று போய்க்கொண்டே இருந்தது.

"சுருக்கமாச் சொல்லுங்க, வெயில்ல நிக்கிறோம்" என்றேன், வழக்கம்போல.

"அக்கா, அவிய சொல்லி முடிக்கட்டும்" என்றாள் கோமதி. மரியாதைக்குச் சொல்லவில்லை, கதை கேட்கும் ஆசையில் சொன்னாள். குடையை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் கேட்டாள். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அந்தக் கிளாசத் திருப்பிக் குடுக்கலையா அண்ணாச்சி?"

இவர் திடுக்கிட்டுத் தோள்பையைத் துழாவினார். டீ கிளாஸ் உள்ளே இருந்தது. கிளாஸோடு பஸ்ஸைத் துரத்தியிருக்கிறார், அதோடேயே அடுத்த பஸ்ஸிலும் ஏறியிருக்கிறார். இருபது வருடமாக நான் இவர் கதையைப் பாதியில் வெட்டி வந்திருக்கிறேனே, இன்னும் எத்தனை கிளாஸ்களைத் தவறவிட்டேனோ என்று எனக்குச் சுருக்கென்றது.

அகத்தியர் அருவிக்கு ஏறினோம். சினிமாவில் பார்த்த அருவிகளில் மட்டும்தான் அதுவரை நனைந்திருந்தேன். முதல் அடி தலையில் விழுந்ததும் கத்திவிட்டேன். பிறகு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், முன்பின் தெரியாதவர், என்னைத் திருப்பி நிறுத்தி முதுகைத் தண்ணீருக்குக் காட்டச் சொல்லி, தோளில் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். நாற்பத்தாறு வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வந்தால் வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட்டேன். இதற்கும் உறையிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை.

கீழே கோயில் படித்துறையில் பொரி போட்டால் மீன்கள் கும்பலாக வந்து காலைக் கடித்தன. கோமதி பக்கத்துத் தோப்புக்காரரிடம் கேட்டு மூன்று வாழை இலை வாங்கி வந்தாள். ஆற்றில் அலசிப் போட்டாள். தூக்குச் சட்டியைத் திறந்தாள். கூட்டாஞ்சோறு. அரிசியும் பருப்பும் காயும் முருங்கைக் கீரையும் ஒன்றாக வெந்த மணம் மூக்கில் ஏறியது. எனக்கு அம்மாவின் குரல் காதில் கேட்டது.

"கோமதி, இது உங்க வீட்டுல சமைச்சதும்மா."

"ஆமாக்கா. ஆனா இது எங்க வீடு இல்லல்லா. அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் கொண்டாந்தேன். வாசப்படிக்கு வெளிய கணக்கில்லன்னு சொல்லிட்டாவ."

நான் சட்டத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே இவர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். நானும் சாப்பிட்டேன். ஆற்றங்கரைக் கூட்டாஞ்சோற்றுக்குப் பக்கத்தில் எங்கள் நட்சத்திர ஓட்டல் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை வைக்க முடியாது, இது என் தீர்ப்பு.

சாப்பிட்ட பிறகு இவர் படியில் துண்டை விரித்துத் தூங்கினார். நான் குமரனின் திக்குவாயைப் பற்றிச் சொன்னேன். போட்டோவில் தெரியாத விஷயம், தரகர் சொல்லாத விஷயம். சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்தேன்.

"அவிய சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் எங்க எந்திரிச்சிப் போயிரப் போறேன்?" என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள். "முன்னால ரெண்டு எடத்துல இருந்து வந்தாவக்கா. ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்னு சொல்லிட்டுப் போனாவ. அப்பா இன்னும் தபால்காரர் மணிச் சத்தம் கேட்டா வாசலுக்குப் போவாவ. எனக்கு அதான் கஷ்டம். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருங்க, என்ன?"

சரி என்றேன். அங்கே ஆறு உண்டா, வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள். வேலைக்குப் போகலாம், ஆற்றைப் பற்றிக் கேட்காதே என்றேன். திரும்புகிற பஸ்ஸை சேரன்மாதேவியில் இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். இவர் இறங்கி, கழுவித் துடைத்த கிளாஸைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். பஸ்ஸே பார்த்தது.

திங்கட்கிழமை எங்கள் நாட்டில் சுதந்திர தின விடுமுறை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். காலையில் பசியாறாமலே தொலைபேசிக் கடைக்குப் போனோம். இணைப்புக் கிடைக்கவே மதியம் ஆகிவிட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் நான், வெளியே இவர், நடுவில் சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர்.

"ஈப்போக்காரங்க நேத்து வந்துட்டுப் போனாங்க" என்றார் அம்மா. "பொண்ணு சொந்தமாக் காரு வச்சிருக்கு. நீ அங்க வாக்கு எதுவும் குடுத்துடாத. ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்னு பதவிசாச் சொல்லிட்டு வா."

அதே சொல். "தம்பி என்னம்மா சொல்றான்?"

"அவன் என்னைக்கு என்ன சொல்லியிருக்கான்?"

"அவன்கிட்ட குடுங்க."

குமரன் வந்தான். "அக்... அக்கா. அ... அ..." என்று நின்றான். மீட்டர் நிற்கவில்லை. என் வாயில் பத்து வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன. அத்தனையையும் விழுங்கினேன். எண்கள் ஓடின. வெளியே இவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்நேரம் கண்ணாடியைத் தட்டியிருப்பார். தட்டவில்லை. திங்கட்கிழமை உறையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

"அன்... அன்னைக்கு ஏர்போர்ட்ல நா... நான் கேக்க வந்தது வேற" என்றான் குமரன். "நான் பே... பேசினா அவங்க மு... முடிக்கிற வரைக்கும் கேப்பாங்களா?"

முப்பத்து நாலு வயதில் அவன் என்னிடம் முழுசாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கேப்பாடா. உங்க மாமா கதையவே கடைசி வரைக்கும் கேட்டா."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அப்ப ச... சரிக்கா. அம்மாகிட்ட நா... நானே பேசிக்கிறேன்."

உறை காலி. மற்ற உறைகளின் மிச்சமெல்லாம் அன்றன்றே பனியன் பைக்குள் போயிருந்தது. பஸ்ஸுக்குத்தான் சில்லறை மிஞ்சியது. பனியன் பையைப் பற்றி நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. வயிறு இரைய இரையப் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. கோமதி மதியத்துக்கு மேல் லீவு போட்டு வந்திருந்தாள். கதவோரம் நின்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். பெரியவர் எங்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று அவரே சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

"ஊருக்குப் போயி லெட்டர் போடுவீய, என்ன? அவசரமில்ல. பைய போடுங்க."

"லெட்டர் எல்லாம் போட மாட்டோம்" என்றேன்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோமதி கதவுப் பிடியைப் பிடித்தாள். நான் காப்பியைத் தள்ளி வைத்தேன்.

"எங்களுக்குப் பசிக்குது. காலையிலேருந்து ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்பிடல. இலை போடுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார். அடுத்த நிமிடம், சொல்லை எடை போட்டுப் பேசுகிற அந்த மனிதர் அரிவாளை எடுத்துக்கொண்டு இலை அறுக்கக் கொல்லைப்பக்கம் ஓடினார்.

கோமதியின் அம்மா அடுக்களைக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தார்கள். "ஐயோ, சோறு இல்லையே. இப்பந்தான் மிச்சச் சோத்துல தண்ணிய ஊத்துனேன். சொதி வச்சு விருந்து போட வேண்டியவியளுக்குத் தண்ணிச் சோத்தையா வைக்கது? அரை மணிக்கூறு இருங்க, உலை வைக்குதேன்."

சொதி அந்தப் பக்கத்துக் கல்யாண விருந்துக் குழம்பு, தேங்காய்ப் பால் ஊற்றி வைப்பது. "அதக் கல்யாணத்துக்கு வைங்க. இப்ப அந்தச் சோத்தையே பிழிஞ்சு போடுங்க" என்றேன்.

தரையில் உட்கார்ந்தோம். இலையில் ஈரம் சொட்டச் சொட்டச் சோறு விழுந்தது, ஓரத்தில் மாவடு, இரண்டு சின்ன வெங்காயம். பெரியவர் எதிரே நின்று, நாங்கள் முதல் வாய் எடுத்து வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தோம். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வாசலில் தபால்காரர் மணிச் சத்தம் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோமதி மோர்ச் சட்டியோடு வந்து என் இலைக்குப் பக்கத்தில் குனிந்தாள். நாலு நாளாக அக்கா அக்கா என்று கூப்பிட்ட பெண்.

"மதினி, மோர் ஊத்தட்டா?"

"ஊத்தும்மா" என்று கையைக் குவித்து நீட்டினேன்.